பின்னறைக்குப் போகும் வயர்

மார்ச் 3

சிட்டு,

இதை அடுப்பு மேடையில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இவ்வளவுதான் வரும். நீ சிரிப்பாய். சிரி. அதைக் கேட்டும் நாளாகிறது.

நீ வேலைக்கு வெளியூர் போகும் முன் என் அறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போன சின்னப் பெட்டியில் மூன்று பச்சை விளக்கு எரியுமே, அதில் நடு விளக்கு அணைந்துவிட்டது. "நடுவுல இருக்கறது எரியற வரைக்கும் நான் எங்க இருந்தாலும் நீ என்னைத் திட்டலாம்மா" என்று சொன்னாயே, அதுதான். மற்ற இரண்டும் எரிகின்றன. போனிலும் அந்த விசிறி மாதிரி படம் முழுசாகத் தெரிகிறது. உன்னைக் கூப்பிட்டால் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிம் இல்லாத போன். இந்த வீட்டு லைனை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை, என்னைப் போலத்தான்.

முன்வீட்டில் போய்க் கேட்டேன். அண்ணி டிவியில் தன் மகளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் இப்போது முழுகாமல் இருக்கிறாள், தெரியுமா? முகம் பூரித்துப்போய் அழகாக இருக்கிறாள்.

"அண்ணி, என் ரூமுக்கு லைன் வரலையே."

"எங்களுக்கு நல்லாத்தானே வருது? உன் பொண்ணு மாட்டின பெட்டி. உன் பொண்ணையே கேளு."

"அவளைக் கேக்கத்தான் லைன் வேணும் அண்ணி. உங்க லைன் பாஸ்வேர்டைப் போட்டுக் குடுத்தா இங்க நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடுவேன்."

"அதெல்லாம் உங்கண்ணனுக்குத்தான் தெரியும்."

அண்ணனைக் கேட்டேன். அது அண்ணிக்குத்தான் தெரியும் என்றார். இந்த வீட்டில் யாருக்குமே தெரியாத பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு எல்லோரும் நாள் முழுக்கப் படம் பார்க்கிறார்கள்.

கோளாறு உன் பக்கமா, என் பக்கமா? அதை மட்டும் எழுது. உன் இருமல் எப்படி? வெந்நீர் குடிக்கிறாயா? வயர் இழுக்கக் கிடங்குக் கூரைக்குள் ஏறும்போது வாயில் துணி கட்டிக்கொள்கிறாயா?

உன் அம்மா


மார்ச் 19

என் அம்மாவுக்கு,

எழுத்து ஒன்றும் கோணல் இல்லை. என் சூப்பர்வைசர் எழுத்தைப் பார்த்தால் உனக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். வாயைத் திறந்தால் விசில்தான், பேச்சே கிடையாது என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். அவர் விசிலடித்தால் நான் ஏணியில் ஏற வேண்டும். இன்னொரு தடவை அடித்தால் இறங்க வேண்டும். மாட்டுக்குக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கோளாறு என் பக்கம் இல்லை, உன் அறையிலும் இல்லை. எப்படிச் சொல்கிறேன் என்று கேள்.

போனில் தெரிகிற விசிறி, போனுக்கும் உன் சுவரில் இருக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள காற்றைப் பற்றி மட்டும்தான் சொல்லும். நாலடி தூரம். அது நன்றாக இருக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து முன்வீட்டுப் பெட்டி வரைக்கும் நான் வயர் இழுத்தேன் இல்லையா, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓட்டை போட்டு? நடு விளக்கு அந்த வயருக்கானது. வயரின் இரண்டு முனையும் இரண்டு பெட்டியிலும் சரியாக உட்கார்ந்திருந்தால்தான் அது எரியும். உன் முனையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால்?

நான் ஏன் வயர் இழுத்தேன் என்று அன்றைக்கே அத்தை கேட்டார்கள். வயர் இல்லாத லைன் ரேடியோ மாதிரி. காற்றில் போகிறது. சுவர் கொஞ்சம் தின்னும், தகரம் திருப்பி அடிக்கும், தண்ணீர்த் தொட்டி முழுசாக முழுங்கிவிடும். முன்வீட்டுக்கும் உனக்கும் நடுவில் இந்த மூன்றும் இருக்கின்றன. அதோடு காற்று எல்லோருக்கும் பொது. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். பேசும் முன் ஒவ்வொரு போனும் காது கொடுத்துக் கேட்கும், வேறு யாராவது பேசுகிறார்களா என்று. இரண்டு பேர் ஒன்றாக வாயைத் திறந்தால் இரண்டுமே பாழ். இருவரும் வாயை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். என் விடுதியில் ஒரு மாடிக்கு ஒரு பெட்டி. ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேச உட்கார்ந்தால் ஒருத்தருக்கும் முழு வார்த்தை போய்ச் சேராது. உனக்கு "ம்மா" மட்டும் கேட்பது அதனால்தான்.

வயர் அப்படி இல்லை. உள்ளே எட்டு மெல்லிய கம்பி, ஜோடி ஜோடியாக முறுக்கி, சடை பின்னின மாதிரி. அந்த முறுக்குதான் வெளிச்சத்தம் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும். அந்தப் பாதையில் நீ மட்டும்தான். முன்வீட்டுப் பெட்டி ஒரு கெட்டிக்காரத் தபால்காரர். ஒவ்வொரு மிஷினுக்கும் பிறக்கும்போதே ஒரு எண் உண்டு. எந்த எண் எந்தத் துளையில் இருக்கிறது என்று அவர் பார்த்து மனதில் வைத்துக்கொள்வார். உனக்கு வந்ததை உன் துளையில் மட்டும்தான் போடுவார், அத்தையின் டிவியில் போட மாட்டார். முன்வீட்டு பாஸ்வேர்டும் வேண்டாம்.

இங்கே கிடங்கு முழுக்க வயர் இல்லாத லைன் என்று பெருமை அடிக்கிறார்கள். பெட்டிகள் எல்லாம் கூரையில் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் நான் தூசிக்குள் ஊர்ந்து இழுத்த வயர் இருக்கிறது. அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நீ இப்படிச் செய். தூசி தட்டுகிற மாதிரி போய் முன்வீட்டுப் பெட்டியின் பின்னால் பார். மஞ்சள் வயர் உன்னுடையது. முனையில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். காலியான துளையில் வைத்து அழுத்து. "டக்" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது உட்காரவில்லை. அத்தையிடம் கேட்காதே, கேட்டால் அனுமதி என்று ஆகிவிடும்.

இருமல் இருக்கிறது. துணி கட்டினால் மூச்சு முட்டுகிறது.

உன் சிட்டு


ஏப்ரல் 2

சிட்டு,

நேற்று உன் குரலைக் கேட்டபோது பக்கத்தில் ஆள் இருந்தது. அதனால் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றேன். சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

மஞ்சள் வயர் பெட்டியின் பின்னால் கழற்றி, சுருட்டி, நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தது. தானாகக் கழன்றது தானாகக் கட்டிக்கொள்ளுமா? நாலு துளையில் இரண்டு காலி. ஒன்றில் வைத்து அழுத்தினேன். டக் என்றது. என் அறைக்கு ஓடினேன், நடு விளக்கு எரிந்தது. அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன்.

நீ கேட்டாய்: "அம்மா, நான் வந்துடவா? இருமிட்டே ஏணி ஏற முடியல. நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு, பையைத் தூக்கிட்டு வந்துடறேன்." அதற்கு மட்டும் அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ராத்திரி சாப்பாடு போடும்போது கேட்டேன்.

"வந்து எங்க தங்குவா?" என்றார் அண்ணன்.

"என்கூடத்தான் அண்ணே. என் பாயிலயே படுத்துப்பா."

"பாய் இருக்கு. தட்டு?" என்றார்கள் அண்ணி. "ஒரு வாய்க்கே அளந்து போடறோம். அவளுக்கு என்ன, வெளியூர்ல ராணி மாதிரி இருக்கா. இருமலாம் இருமல். இங்க யாரு இருமல?"

"எழுதிக் குடுத்த வருஷத்தை முடிச்சிட்டு வரட்டும்" என்றார் அண்ணன். அதோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

காலையில் பார்த்தால் பெட்டியைத் தூக்கி டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவைப் பூட்டியாகிவிட்டது. என் மஞ்சள் வயர் வெளியே கிடக்கிறது. "பெட்டிக்குத் தூசி ஆகாதாம்" என்றார்கள் அண்ணி. தினமும் அந்தத் தூசியைத் துடைக்கிறவள் நான்.

சரி, நான் சொல்வதைக் கேள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் துணி பிரிக்க ஆள் எடுக்கிறார்கள். அங்கே இருக்கிற மேற்பார்வையம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டேன். பின்னால் ஓர் அறை தருவார்களாம், இரண்டு பேர் படுக்கலாம், குழாய் வாசலிலேயே. அண்ணனுக்கு இன்னும் தெரியாது. உனக்காகத்தான் கேட்டு வைத்தேன்.

வந்துவிடு. யாரையும் கேட்க வேண்டாம். நான் சொல்கிறேன், வா. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே பையைத் தூக்கு. அந்த விசில்காரன் விசிலடித்துக்கொண்டு நிற்கட்டும்.

லைன் இல்லை என்று பயப்படாதே. தபால் இருக்கிறது.

உன் அம்மா


ஏப்ரல் 29

சிட்டு,

நீ போய்விட்ட செய்தி முதலில் எனக்கு வரவில்லை. அண்ணன் போனுக்கு உன் ஆபீசிலிருந்து காலையில் கூப்பிட்டார்கள். நான் பின்வாசலில் முன்வீட்டுத் திரைச்சீலைகளை அலசிக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து நின்றார்கள். என்னையே பார்த்தார்கள். நான் "என்ன அண்ணி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. ஹால்ல இன்னும் ரெண்டு இருக்கு. அதையும் அலசிடு."

அதையும் அலசினேன். பிழிந்து காயப்போட்டேன். அதற்குப் பிறகுதான் அண்ணன் ஹாலுக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, "உக்காரு" என்றார். அந்த நாற்காலியில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கண்ணே. சலவை முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று அண்ணிதான் தடுத்தார்கள் என்று அண்ணன் பிறகு சொன்னார், தன் மேல் தப்பில்லை என்பதற்காக. "சொன்னா போட்டது போட்டபடி கிடக்கும்" என்றார்களாம்.

காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டதாம். விடுதி அறையில் தனியாகக் கிடந்தாயாம், மற்றவர்கள் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்களாம். உடம்பை அனுப்ப முடியாது, அங்கேயே அடக்கம் செய்து போனில் காட்டுகிறோம் என்றார்கள். அண்ணன் "சரி" என்றார். என்னைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் வீடு நிறைய ஆட்கள். டிவியில் உன்னைக் காட்டப் போகிறார்கள் என்று எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் போனை எடுத்து வைத்துக்கொண்டு லைன் கேட்டார்கள். அண்ணி ஹால் நடுவில் நின்றுகொண்டு உரக்கச் சொன்னார்கள், "பாஸ்வேர்டா? போட்டுக்கோங்க" என்று. தன் மகளின் செல்லப் பெயர், பின்னால் நாலு எண். மாடிவீட்டுக்காரர் போட்டுக்கொண்டார், பால் ஊற்றுகிறவர் போட்டுக்கொண்டார், நான் முன்பின் பார்க்காதவர்கள் எல்லாம் போட்டுக்கொண்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிவியில் நீ வந்தாய். வெள்ளைத் துணி, முகம் மட்டும் வெளியே. மெலிந்துவிட்டாய். யாரோ துணியை முகத்துக்கு மேல் இழுக்கக் கை நீட்டினார்கள். அவ்வளவுதான், படம் நின்றுவிட்டது. அந்தக் கை உன் கன்னத்துக்கு மேலே அப்படியே நின்றது. நீ எழுதியிருந்தாய், காற்று எல்லோருக்கும் பொது, கூட்டம் சேர்ந்தால் ஒருத்தருக்கும் முழுசாகப் போய்ச் சேராது என்று. ஹாலில் அத்தனை பேரும் குனிந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "போனையெல்லாம் அணைங்க, என் பொண்ணு நின்னுட்டா" என்று சொன்னேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று ஒருத்தி என் முதுகைத் தடவினாள்.

அப்போது பின்வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்கு லைன் எட்டவில்லை என்று சொன்னார்கள். அண்ணன் அலமாரியைத் திறந்து மஞ்சள் வயரைச் செருகினார். என் அறைப் பெட்டியிலிருந்து அவர்களுக்கு லைன் போகட்டும் என்று. உறவுக்காரர்களுக்காக. செருகின உடனே என் அறையில் போன் கத்த ஆரம்பித்தது. விடாமல் கத்தியது. பக்கத்து வீட்டு அக்கா கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள், "ஏம்மா, இது நிக்கவே மாட்டேங்குதே?" என்று.

எல்லாம் நீ அனுப்பினது. எனக்குப் படிக்க நேரமாகும் என்று பேசி அனுப்பியிருந்தாய். லைன் வரட்டும் என்று எங்கேயோ காத்திருந்து, மொத்தமாக வந்து கொட்டின. டிவியில் நீ நின்றுபோய்க் கிடக்கிறாய், கையில் நீ பேசுகிறாய்.

"அம்மா, லைட் மறுபடி போச்சா? ஒரு டிக்தான் விழுது."

"அம்மா, காய்ச்சலா இருக்கு. விசில் லீவு தரமாட்டேங்குது. வான்னு சொல்லேன்."

"மாமாவுக்குப் போன் பண்ணேன். நீ என்மேல கோவமா இருக்கியாம், வருஷம் முடியாம வந்தா மூஞ்சில முழிக்காதேன்னு சொன்னியாம். அப்படியாம்மா சொன்ன? சரி, முடிச்சிட்டே வரேன். கோவிச்சுக்காத."

கடைசியில் ஒன்று. அதில் மூச்சுச் சத்தம். அப்புறம் "யாராவது இருக்கீங்களா?" என்றாய். அது என்னைக் கேட்டது இல்லை, அறையைக் கேட்டது.

ஹாலில் எல்லோரும் கேட்டார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"அண்ணே, நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்? துக்க வீட்ல."

"எப்பண்ணே சொன்னேன்?"

"அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். வேலையை விட்டுட்டு வந்து இங்க என்ன பண்ணுவா? எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க, போனை அணை."

பால்காரர் மட்டும் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். படம் மறுபடி ஓடியபோது மண்மேடுதான் தெரிந்தது.

உன் அம்மா


ஜூன் 12

சிட்டு,

உன் பையை அனுப்பினார்கள். இரண்டு சட்டை, வயர் முறுக்கைப் பிரிக்கிற குறடு, ஒரு ஜோடி கையுறை. என் ஏப்ரல் கடிதமும் இருந்தது, ஒட்டினபடியே. நீ போன பிறகு வந்திருக்கும். வா என்று நான் எழுதினதை நீ படிக்கவே இல்லை. நான் வேண்டாம் என்றதாகவே நினைத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

சலவைக்கூடத்து அறையை வேறு தாயும் மகளும் எடுத்துக்கொண்டார்கள். நான் இங்கேதான் இருக்கிறேன். இப்போது மஞ்சள் வயரை யாரும் கழற்றுவதில்லை. "இருக்கட்டும், பாவம், ஏதாவது பாத்துட்டுக் கிடக்கட்டும்" என்று அண்ணி எல்லோரிடமும் சொல்கிறாள். அலமாரிக்குப் பூட்டும் இல்லை.

நேற்று அவள் மகளுக்கு வலி கண்டது. மாப்பிள்ளை காலையில் டிவியில் வந்து சொன்னார், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்று. வீட்டில் சிம் உள்ள ஒரே போனை அண்ணன் எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தார். அவள் போனும் வீட்டு லைனில்தான் ஓடுகிறது. அவள் குளிக்கப் போனாள். நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்து உள்ளே வருகிற வயர் எது என்று எனக்குத் தெரியும். கொக்கியை ஒரு விரலால் அமுக்கினேன். வந்துவிட்டது. முழுசாக எடுக்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்திருக்கிற மாதிரியே விட்டுவிட்டு வந்தேன்.

அவள் வந்து பார்த்தாள். போனிலும் டிவியிலும் விசிறி முழுசாகத் தெரிகிறது, ஆனால் கூப்பிட்டால் சுற்றுகிறது. பெட்டியைத் தட்டினாள், அணைத்துப் போட்டாள். தெருவுக்கு ஓடினாள், பக்கத்து வீடு பூட்டு, மாடிவீடு பூட்டு. மூச்சு வாங்கிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். அவள் என் வாசலுக்கு வந்ததே இல்லை.

"உன் பொண்ணு உனக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுத்திருப்பாளே. கொஞ்சம் வந்து பாரேன்."

"எனக்கு என்ன தெரியும் அண்ணி? அஞ்சாவது படிச்சவ."

"அங்க அவ ஒத்தையா கிடந்து என்னைக் கூப்பிட்டுட்டு இருப்பா."

"இருப்பா" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெறும் தரையில். நான் என் வேலையைப் பார்த்தேன். அவள் அழுதாள், நான் அரிசி புடைத்தேன். பொய் சொல்ல மாட்டேன் சிட்டு, எனக்கு இனித்தது. வாசல் வெயில் எதிர்ச்சுவரில் ஏறும்வரை இனித்தது.

அதற்குப் பிறகு இனிக்கவில்லை. அவள் மகள் முகம்தான் வந்தது. சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் என் இடுப்பில் இரண்டு பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். எழுந்து முன்வீட்டுக்குப் போனேன், அவளும் பின்னாலேயே வந்து ஹால் வாசலில் உட்கார்ந்தாள். வயரை அமுக்கினேன். டக் என்றது. அவளுக்குக் கேட்டிருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதற்குள் டிவி அடித்தது.

அந்தப் பெண் படுக்கையில் கிடந்தாள், இன்னும் பிறக்கவில்லை. "ஏம்மா எடுக்கல? எத்தனை தடவை கூப்பிட்டேன்" என்று அழுதாள். அண்ணி டிவிக்கு முன்னால் ஓடி, கண்ணாடியில் மகளின் முகத்தைத் தடவி, "லைன் போச்சுடி, லைன் போச்சு. பக்கத்துல யாரு இருக்கா? ஒரு வாய் தண்ணி குடுத்தாங்களா?" என்றாள். ஓரத்திலிருந்து ஒரு கை டம்ளரை நீட்டியது. அந்தப் பெண் தலையைத் தூக்கிக் குடித்தாள். நான் துடைக்கிற துணியோடு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிட்டு, எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட அந்த அறையில், உனக்கு யாராவது ஒரு வாய் தண்ணி கொடுத்தார்களா?